அண்ணையும் நானும் ஆடிய டாங்கோ

ஈர ரப்பர் விரிப்பு, யாரோ கழற்றி எறிந்த ஹொக்கிக் கையுறை, ஐஸைச் சீவி மட்டமாக்கும் வண்டி விட்டுப்போன புகை. மூன்றும் கலந்த அந்த மணம் எந்த அரீனாக் கதவிடுக்கில் வந்தாலும் என் முழங்கால் தானாக மடியும். நான் போட்டிக்காரி. சிரிக்க வேண்டாம். நாற்பத்தாறு வயதில், பெரியவர்கள் பிரிவில், ஐஸ் நடனம். மூன்று போட்டி, மூன்றிலும் கடைசி.

ஐஸ் நடனத்துக்குச் சோடி வேண்டும். மொன்றியலில் பனிக்காலத்திலும் கார் நிறுத்த இடம் கிடைக்கும். ஐஸில் ஆட ஓர் ஆண் கிடைக்கமாட்டார். எனக்குக் கிடைத்தவர் துறைமுகத்தில் கொன்ரெய்னர் லொறி ஓட்டுகிற மன்னார்க்காரர். பாறைத் தோள், இறகுக் கால். ஒரே சிக்கல், முதல் நாளே நான் "அண்ணை" என்றுவிட்டேன், அவர் "தங்கச்சி" என்றுவிட்டார். அதன் பிறகு டாங்கோவில் காதல் எங்கேயிருந்து வரும்? "கண்ணைப் பார்! கண்ணை!" என்று பயிற்சியாளர் பிரெஞ்சில் கத்துவாள். அண்ணை என் தலைக்கு மேலே சுவரிலிருந்த பீட்சா விளம்பரத்தைப் பார்ப்பார். நான் அவருடைய மூன்றாவது பொத்தானைப் பார்ப்பேன். கால்களுக்குப் புள்ளி விழும், முகங்களுக்கு விழாது.

நாலாவது போட்டிக்கு முன் அவர் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டா. "இந்த முறையும் கடைசியெண்டால் காணும், ஆட்டத்தை விடட்டும். சனிக்கிழமை ஆள் வீட்டில நிக்கவேணும்."

அவர் விட்டால் என் ஆட்டமும் முடிந்தது. வேறு ஆண் இல்லை.

அன்று ஐந்து சோடிகள். அண்ணி முன்வரிசையில், கம்பளிக்குள். நடு ஐஸில் கை கோத்து நின்றோம். அண்ணை வாயசைக்காமல் சொன்னார்:

"தங்கச்சி, உம்மட காரின்ர பின்பக்கத்தை நசுக்கினது பனி வழிக்கிற வண்டியில்லை. நான்தான்."

"என்ன?"

"றிவேர்ஸ் எடுக்கேக்க."

"அதை ஏன் இப்ப சொல்லுறியள்?"

"இப்பதான் உம்மட ரெண்டு கையும் என்ர கையில இருக்கு."

பாவசங்கீர்த்தனம் முடிய இசை தொடங்கியது. பனி வண்டிதான் இடித்தது என்று மூன்று கிழமையாக நகரசபைக்கு இரண்டு மொழியிலும் முறைப்பாட்டுக் கடிதம் எழுதினவள் நான்! நாற்பதடிக் கொன்ரெய்னரை ஊசியில் நூல் கோப்பதுபோல் திருப்புகிற மனிசன், என் சின்னக் காரை! அவர் கண்ணையே பார்த்தேன். திருப்பத்தில் பார்த்தேன், வளைவில் பார்த்தேன், தூக்கலில் அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டு தலைகீழாகவும் பார்த்தேன். அவரும் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சினார், வேர்த்தார், உருகினார்.

"திருத்தித் தாறன்."

"கதையாதேங்கோ. ஆடுங்கோ."

நாலாம் இடம். பயிற்சியாளர் கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு தாபத்தை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

வெளியே அண்ணை தன் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அண்ணி என்னிடம் வந்தா.

"கடைசி இல்லைத்தானே, அண்ணி?"

"ஓம், ஓம். அது கிடக்கட்டும். அப்பிடி என்ன சொன்னவர் அங்க?"

சொன்னேன். அண்ணி காருக்குள் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தா. பிறகு என் தோளில் தட்டினா.

"சனிக்கிழமைகளில ஆளை அனுப்பிறன். ஐஸில வேற என்ன உண்மையைக் கக்கினாலும் எனக்கு ரெலிபோனில ஒரு கோல் அடிச்சுச் சொல்லும், என்ன?"