சாம்பல் கோடும் என் பூட்ஸும்

என் வீட்டு வாசலில் கிடந்த நெல் குவியலின் மேல் சாம்பலால் கோடு போட்டிருந்ததைப் பார்த்து, சென்னை ரவுடிகள் எனக்கு அனுப்பிய கொலை மிரட்டல் என்றே நம்பினேன். குற்றப்பிரிவில் தப்பான ஆளைப் பிடித்து, பேரும் தூக்கமும் கெட்டு, உத்திரமேரூருக்கு இன்ஸ்பெக்டராக வந்த மூன்றாம் நாள் காலை அது. இங்கேயும் சொதப்பினால் உத்தியோகம் மிஞ்சாது. அதனால் இந்தத் துப்பறியும் புலி குவியலைக் காலால் கிளறி வெடிகுண்டு தேடியது. எதுவும் கிடைக்காமல் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா புகாரோடு வந்தார். "சார், ரோட்டுல காய வெச்சி குமிச்ச நெல்லுல எவனோ கை வெச்சிகீறான். போலீசு வூட்டு வாசல்னு நம்பி கொட்னேன் சார்!"

"கை வெச்சான்னு எப்படிம்மா தெரியும்?"

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? எவனாச்சும் அள்ளுனா தெரியணும்னுதான சாம்ப கோடு போடறது! கோடு கலஞ்சி கீது. பூட்ஸு தடம் வேற கீது."

ஏட்டு என் பூட்ஸைப் பார்த்தார். ஓரத்தில் நாலு நெல் ஒட்டியிருந்தது.

"கேஸு முடிஞ்சிட்ச்சி போல கீதே சார்," என்றார்.

இந்த முறை சரியான ஆள்தான் பிடிபட்டான். மிதித்தது நான்தான் என்று அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். நெல் ஒரு படிகூடக் குறையவில்லை.