ஒரு சொம்பில் இரண்டு பாட்டில்

"…ரெண்டும் ஒரே தொட்டிக்குத்தான போவுது புள்ள, அதுக்கு எதுக்கு ரெண்டு நடை? ஒரே சொம்புல கலக்கி ஊத்தீட்டேன்."

தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு, பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளிடம் என் வீட்டுக்காரர் இப்படிச் சொன்னார். முகத்தில் வேலையைச் சுருக்கிவிட்ட திருப்தி. அவருக்குப் பின்னால் என் பவளத் தொட்டி, அரிசி களைந்த தண்ணீராக நின்றது.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் கடல் இல்லை. அது எனக்கும் தெரியும். தொட்டி வந்த நாளிலிருந்து அதை ஞாபகப்படுத்தாதவர்கள் யாரும் இல்லை. பால் ஊற்ற வரும் அக்கா, "ஏங்கண்ணு, கடலுக்குப் போற பஸ்ஸெல்லாம் நிறுத்தீட்டாங்களா?" என்று கேட்டார். என்ன அழகான கேள்வி! போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தொட்டியை மட்டும் எடுக்கவில்லை.

பவளம் பார்க்கத்தான் பூ. உண்மையில் அது உயிருள்ள பிராணி. தண்ணீரில் கரைந்திருப்பதை எடுத்துத் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும். அதற்குக் கால்சியமும் வேண்டும், காரத்தன்மையும் வேண்டும். குறைகிற அளவுக்கு நாம் ஊற்ற வேண்டும். என் வீட்டில் ஒன்று காலையில், மற்றது சாயங்காலம். தனித்தனிப் பாட்டிலில் இரண்டும் தெளிந்த நீர். கலந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாகிவிடும். பவளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. இதை யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. செல்போனில் பார்த்தது பாதி. எங்கள் போர் தண்ணீர் இட்லிப் பானையில் ஒட்டவைக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிச் சுரண்டித் தெரிந்துகொண்டது மீதி.

"செத்துப்போச்சா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க."

"அப்ப விடு. பொள்ளாச்சி மீன்கடைக்காரர் ஞாயித்துக்கெழமை வரேன்னுருக்கார். தொட்டியோட எடுத்துக்குவார். உனக்கு எதுக்கு வெறுதே இந்தப் பாடு?"

என்னைக் கேட்காமலே பேசி வைத்திருக்கிறார்.

"வரட்டுங்க. காப்பி குடுத்து அனுப்பலாம். தொட்டி எங்கயும் போகாது."

அன்றே வடிகட்டிய தண்ணீரில் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்பைக் கலந்து, தொட்டி நீரில் ஒரு பங்கை மாற்றினேன். ஊசி இல்லாத மருந்துக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி, ஒவ்வொரு கிளையிலும் படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் தள்ளினேன். மறுநாள் நீர் தெளிந்தது. பவளங்கள் இதழ் விரித்துத் திறக்கவில்லை. தொட்டி நீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால், காரத்தன்மை இறங்கிக் கிடந்தது.

"கொறஞ்சிருக்குதுன்னா ஒரேயடியா ஊத்தீற வேண்டியதுதான?" என்றார், தோளுக்குப் பின்னாலிருந்து.

"உப்பு தூக்கலுன்னு புளி, புளி தூக்கலுன்னு உப்புன்னு போட்டுட்டே போனா, குழம்பு யாருக்குங்க? எருமைக்கா?"

அவர் சிரிக்கவில்லை. நானும் ஒரேயடியாக ஊற்றவில்லை. தினமும் கொஞ்சமாகத்தான் ஏற்றினேன். 'கொட்டிட்டுக் கத்திரி நாத்து வெய்யி கண்ணு, கொழம்புக்காச்சும் ஆவும்' என்று பால்கார அக்கா சொன்னதையும் கேட்டுக்கொண்டேதான் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் வந்தார். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே தொட்டி முன்னால் குந்தினார். ஒரு கிளை வெளுத்து எலும்பாகியிருந்தது. அது போனது போனதுதான். மற்றவை பாதி திறந்திருந்தன.

"இதும் நிக்காதுங்க," என்றார். "கடலோரத்துல இருக்கறவங்களே வெச்சுக் காப்பாத்த முடியாம எங்கிட்டக் குடுத்துடறாங்க. உயிர் இருக்கறப்பவே தள்ளி உட்டுருங்கம்மா."

"நிக்கும். நின்னுட்டுத்தான இருக்குது, பாருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டில் முடிவு சொல்பவர் அவர் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்காரர் உள்ளே போனார். சாயங்காலப் பாட்டிலை மட்டும் எடுத்து வந்தார். கடைக்காரரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, மூடியில் அளந்து, சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தார்.