தொட்டி நிறையும் வரை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதக் கடைசியில், திருச்செங்கோட்டைத் தாண்டி ஜேடர்பாளையம் போகிற வழியில் நடந்தது இது. அணைக்கட்டுப் பக்கம் இரண்டு நாள் தங்கலாம், ஆற்று மீன் வாங்கி வறுத்துச் சாப்பிடலாம் என்று நானும் என் மனைவியும் ஆட்டையாம்பட்டியிலிருந்து கிளம்பியிருந்தோம். கட்டில், அடுப்பு, துவைத்த துணி, கடுகு டப்பா எல்லாம் கூடவே வந்தன. எங்கள் வண்டி அப்படி.

நான் இருபத்தாறு வருஷம் ஒரு என்ஜினீயரிங் காலேஜில் பஸ் ஓட்டியவன். நான் ரிட்டயர் ஆன வருஷமே என் பஸ்ஸையும் காலேஜில் கழித்துக் கட்டினார்கள். அது யாரோ இரும்புக்காரனிடம் போய் உடைபடுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே வாங்கிவிட்டேன். மனைவிக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து, சீட்டுகளைக் கழற்றி, பின்னால் ஒரு கட்டில், நடுவில் சமையல் மேடை, அடியில் தண்ணீர்த் தொட்டி என்று அதை ஒரு வீடாக மாற்றினேன். அதன்பின் கோபித்துக்கொண்டவளே அக்கம்பக்கத்தில், "எங்களுக்கு ரெண்டு ஊடுங்க. ஒண்ணு நிக்கும், ஒண்ணு போகும்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் என் வண்டியில் அடிபட்டு ஒரு கோழிகூடச் செத்ததில்லை. இதை நான் சொல்லிக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லிவிடுவேன்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். திருச்செங்கோடு தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு வளைவில் திரும்பியதும் பின்னால் புஸ்ஸென்று சத்தம். காற்று அளக்கும் முள் சரசரவென்று இறங்கியது. பெரிய வண்டிகளில் பிரேக் காற்றில்தான் வேலை செய்யும். காற்று போய்விட்டால் பிரேக் தானாகவே பிடித்துக்கொண்டு சக்கரம் நகராது. ஓரம் கட்டக்கூட அவகாசம் கொடுக்காமல், வளைவு முடிகிற இடத்தில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது வண்டி.

இறங்கிப் பார்த்தால், பின் சக்கரத்துக்குக் காற்று கொண்டுபோகிற ரப்பர் ஓஸ் வெடித்திருந்தது. வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று, ரோட்டோரம் கிடந்த கற்களைத் தூக்கி வந்து பின் டயருக்கு இரண்டு முட்டுக் கொடுத்தேன். அப்புறம், வளைவில் வருகிறவனுக்கு வண்டி நிற்பது தெரியாதே என்று, வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்து போய், ரோட்டில் ஐந்து கல்லை வரிசையாக வைத்து, வேப்பங்கிளையை ஒடித்துச் செருகினேன். என் மனைவி தன் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து கிளையில் கட்டினாள். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தழையைப் பார்த்தால் எந்த டிரைவரும் வேகத்தைக் குறைப்பான்.

முக்கால் மணி நேரம் நின்றோம். அப்புறம் ஒரு பைக் வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். வெயிலில் வெந்த முகம்.

"ஏனுங்க, என்னாச்சுங்க வண்டிக்கு?"

சொன்னேன். குனிந்து பார்த்தார். ஒரே பார்வைதான்.

"ஓசு போயிருச்சுங்க. நான் ரிக் வண்டில இருக்கறனுங்க. எங்களுக்குக் காத்துதானுங்க பொழப்பே. இருங்க சாமி, ஊடு பக்கத்துலதான். எடுத்துட்டு வாரேன்."

போர் போடுகிற ரிக் லாரியில் வருஷத்தில் பத்து மாதம் வடக்கே இருப்பவராம். பொங்கலுக்கு வந்தவர் இன்னும் திரும்பிப் போகவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு துண்டு ஓசும் கிளிப்பும் ஸ்பானரும் எடுத்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார். நான் டிரைவர் என்ற முறையில் மேலிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

வேலை முடிந்து என்ஜினைப் போட்டதும் முள் மெதுவாக ஏறியது. என் மனைவி அதற்குள் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டிருந்தாள். பஸ்ஸுக்குள் ஏறிச் சுற்றிப் பார்த்தவர் கட்டிலைத் தடவிக் கொடுத்தார்.

"நாங்களும் லாரிலதானுங்க குடும்பம் நடத்தறோம். ஆனா இப்படிக் கட்டிலெல்லாம் இல்லைங்க" என்று சிரித்தார்.

கிளம்பும்போது அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "ரிக்குல ஒரு பழக்கமுங்க. ஒரு பாயிண்ட்ல வேலை முடிஞ்சு வண்டி எடுக்கறப்ப, ஒரு ஆளு பின்னால அம்பதடி நடந்து போய்ப் பாத்துட்டு வரோணும். அவன் வந்து சரின்னு சொன்னாத்தான் டிரைவர் கியர் போடுவாரு. அந்தக் கல்லையெல்லாம் எடுத்துப் போட்டுட்டுப் போங்க சாமி." தன் போன் நம்பரையும் என் போனில் அவரே போட்டுக் கொடுத்தார். வழியில் ஓஸ் மறுபடி தகராறு செய்தால் கூப்பிடச் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷம் ஓட்டியவனுக்கு இவர் பாடம் எடுக்கிறாராக்கும் என்று நினைத்தேன். "அதெல்லாம் தெரியுமுங்க" என்றேன். அவர் பைக்கில் போய்விட்டார். நான் டயருக்கு முட்டுக் கொடுத்த இரண்டு கல்லையும் உருட்டித் தள்ளிவிட்டு, காற்று மறுபடி இறங்கிவிடுமோ என்ற பதற்றத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"கல்லையெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எடுத்தாச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. என் மனசில் அப்போது அந்த இரண்டு கல்தான் இருந்தது.

பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரிடம் கேட்டு, குழாயை இழுத்துத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டேன். மனைவி முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஏனுங்க, என்ற செகப்புத் துண்டு எங்கீங்க?"

அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. துண்டு கிளையில். கிளை கல்லில். கல் ரோட்டில், வளைவில்.

இந்த இடத்தைப் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "உடனே போன் போட்டேன்" என்றுதான் சொல்வேன். என் மனைவிக்கும் அப்படித்தான் தெரியும்.

நான் உடனே போன் போடவில்லை.

"இங்கதான் எங்கியாச்சும் இருக்கும், பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். அவருடைய நம்பர் திரையில் தெரிந்தது. அமுக்க விரல் வரவில்லை. என்னவென்று சொல்வது? இத்தனை தெளிவாகச் சொன்ன மனுஷனிடம், 'மறந்துவிட்டேன், நீங்கள் போய் எடுத்துப் போடுங்கள்' என்றா? தெரியும் என்று வீராப்பாகச் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே. இதற்குள் யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். தழை இருக்கிறதே, துண்டு இருக்கிறதே, பார்த்து ஒதுங்கிப் போவார்கள் என்று நினைத்தேன். தொட்டி நிறையட்டும், வண்டியைத் திருப்பிக்கொண்டு நானே போய்ச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

தண்ணீர் உள்ளே விழும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். பத்து நிமிஷம் இருக்கும். தொட்டி நிறைந்து வழிந்து என் காலை நனைத்தது. அப்போதுதான் நம்பரை அமுக்கினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "செரிங்க, நான் போறேன்" என்று வைத்துவிட்டார். ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். "நீங்க வாங்க" என்றார். அவ்வளவுதான். என்னவென்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்தப் பத்து கிலோமீட்டர் போல ஒரு தூரத்தை நான் ஓட்டியதில்லை. மனைவியிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தாள்.

வளைவில் நாலைந்து பேர் நின்றார்கள். ரோடு முழுக்கப் பால். ஒரு மொபெட்டை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நசுங்கிய பால் கேன் பக்கத்தில் கிடந்தது. என் தங்கை வயதுள்ள ஒரு பெண் புளிய மரத்தடியில் சாய்ந்திருந்தார். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது. இடுப்பிலும் அடி, உட்கார முடியவில்லை. சாயங்காலப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றப் போனவர். எதிரே லாரி வர, இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். தழையை ஆடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. துண்டு காற்றில் பறந்து வேலி முள்ளில் கிடந்தது. வெறும் கல் மட்டும் இருந்திருக்கிறது.

"எவனோ லாரிக்காரன் வெச்சுட்டுப் போயிருக்கறான்" என்று ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார். ரிக் வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். ஐந்து கல்லும் ரோட்டை விட்டுத் தள்ளி வேலியோரம் கிடந்தன. "நானுங்க. நான்தான் வெச்சனுங்க" என்றேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். திட்டியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வர அரைமணியாகும் என்றார்களாம். பைக்கில் உட்கார வைக்க முடியாது. நாலு பேராகத் தூக்கி எங்கள் கட்டிலில் படுக்க வைத்தோம். என் மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ரிக் வண்டிக்காரர் என் பக்கத்தில் கியர் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார், பாவம்.

"நீங்க கூப்புட்டதும் ஓடுனனுங்க. ரெண்டு நிமிசந்தான். நான் போறப்பக்கூட அந்த மொபெட்டுச் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அப்பத்தான் உழுந்திருக்கறாங்க. என்ன பண்றதுங்க, நேரம்."

அவர் வீட்டிலிருந்து வளைவுக்கு இரண்டு நிமிஷம். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது பத்து நிமிஷம். அந்தப் பெண் வீட்டில் பாலைக் கேனில் ஊற்றி மூடி, மொபெட்டில் கட்டிக் கிளம்பியதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் நடந்திருக்கும்.

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. கல் வைத்தது யார் என்பது அவர் காதிலும் விழுந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உடுங்கண்ணா. மறதி ஆருக்குத்தான் இல்ல. நெனப்பு வந்து திரும்பி வந்தீங்களே, ஆரு வர்றாங்க அப்படி?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ள வந்தவரிடமும், பதறி ஓடிவந்த அவர் கணவரிடமும், கல் வைத்து மறந்தது நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. மறதியைச் சொன்னால் ஜனங்கள் மன்னித்துவிடுகிறார்கள். பத்து நிமிஷத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் வலது கை விரல்கள் இன்றுவரை முழுசாக மடங்குவதில்லை. அவரால் பால் கறக்க முடிவதில்லை. கணவர்தான் கறக்கிறார். பொங்கல் கழிந்ததும் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். இடது கையால் டம்ளரை நீட்டி, பக்கத்து வீட்டாரிடம் என்னை அறிமுகப்படுத்துவார்: "இவருதானுங்க அந்த அண்ணன். பாதி வழி போனவரு திரும்பி வந்து என்னைக் காப்பாத்துனாரு." அந்த டீயைக் குடித்து இறக்க நான் படும் பாடு என் மனைவிக்குத் தெரியாது. நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறாள்.

இப்போதும் பஸ்ஸில் போகிறோம். கிளம்புமுன் அவள் இறங்கி ஐம்பதடி பின்னால் நடந்து பார்த்துவிட்டு வந்து, "சரிங்க" என்று சொன்னால்தான் கியர் போடுகிறேன். கோழிக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பத்திரிகை வந்ததும், வாசகர்கள் எழுதும் இந்தப் பக்கத்தைத்தான் என் மனைவி முதலில் புரட்டுவாள். சத்தம் போட்டு எனக்குப் படித்தும் காட்டுவாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் திராணி இல்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். படித்து முடித்தபின் அவள் என்ன சொன்னாலும் சரி, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போய், டீ டம்ளரை வாங்குவதற்கு முன்னால் அவரிடமும் சொல்லிவிட வேண்டும். கல்லை மறந்ததற்கு என்னை எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். ஞாபகம் வந்த பிறகும் என் பேருக்குப் பயந்து தொட்டி நிறையட்டும் என்று நின்றேனே, அதற்கு இதுவரை நான் யாரிடமும் மன்னிப்பே கேட்கவில்லை.