நாலாம் ஷெட் லிசி

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே லிசி பாட்டு வரிகளுக்கு உதட்டைச் சத்தமில்லாமல் அசைத்துக்கொண்டு வருவாள். தில்லை நகர் கிளினிக்கில் பகலெல்லாம் டோக்கன் நம்பர் கூப்பிடும் வாய் அது. அங்கே அந்தக் குரல் பஞ்சு மாதிரி இருக்குமாம். அரியமங்கலத்தில், எங்கள் பட்டறைக்கு அடுத்த நாலாம் நம்பர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் தகரத்தைக் கிழிக்கும்.

அவளோடு மூன்று பேர். ரெஜிஸ் டிரம்ஸ், அப்துல் அஹத் கிடார், ஸ்ரீரங்கத்து ஸ்ரீநாத் சாக்ஸபோன். மெட்டலில் ராப்பும் ஜாஸும் கலந்தது என்று லிசி சொன்னாள். எனக்குக் கேட்டது வேறு. கிடார் கனமான இரும்பைத் தரையில் இழுத்துப் போகும். சாக்ஸபோன் அதன்மேல் புகையாக மிதக்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து லிசி படபடவென்று பேசிக்கொண்டே வெளியே வருவாள். கூரை ஓட்டைகளில் இறங்கும் மாலை வெயிலில் இரும்புத்தூள் மினுங்கும். இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கும் பிரஸ் மெஷினில் என் கைகள் தாமாக ஓடும்.

ஒருநாள் தடுப்புத் தகரத்துக்கு மேலே தலையை நீட்டினாள். "அக்கா, லீவு கீவு போட்றாதீங்க. நீங்க அடிச்சாத்தான் எனக்கு வார்த்தை வருது." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் அம்மா அமலராணிக்கு இதெல்லாம் வெறும் கூச்சல். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வேலை பார்த்து வைத்திருந்தார். முதல் மேடை சொதப்பினால் பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதாக லிசி வாக்குக் கொடுத்திருந்தாள்.

மேடை ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில். கொள்ளிடத்துக் காற்று. அமலராணிக்குப் பக்கத்து நாற்காலியில் நான். கோபுரத்து விளக்குகள் தூக்கத்தில் மிதப்பவைபோல் இருந்தன. சாக்ஸபோன் எழுந்தது. லிசி நுழைய வேண்டிய இடம் வந்தது, போனது. மறுபடி வந்தது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு அடி, தகடு நகர்த்தும் இடைவெளி, ஓர் அடி. என் பிரஸ்ஸையும் சேர்த்தே அந்தப் பாட்டைப் பழகியிருக்கிறார்கள்.

"நான் சொல்லல?" அமலராணி கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "திங்கக்கெழமையே ரயிலேத்தி விட்டுர்றேன்."

ரெஜிஸ் குச்சிகளைத் தாழ்த்தினான். லிசி எங்கள் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து ஷூக்களைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பிறகு வெறுங்குதிகாலால் மேடைப் பலகையை ஓங்கி மிதித்தாள், இரண்டு முறை, காத்திருந்து, இன்னொரு முறை.