மீரிமின் மூன்று பக்க அறிக்கை

பிஷ்கெக் நகரத்தில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் மீரிம் பதினொரு ஆண்டுகளாகச் சோதனையாளர். அவள் சரி என்று சொல்லாமல் அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. "மீரிம் எஜே தும்மினாக்கூட ரெண்டு பிழை வந்து விழும்" என்று இளசுகள் கேலி செய்வார்கள். எஜே என்றால் அக்கா. அலுவலகம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

அவளோடு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன்தான் கணவன் திலேக். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேள்வி கேட்டால் ஒழுங்கான பதில் வருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் கருவி ஒன்றை அவன் எழுதியிருந்தான். பெயர் கபார், அதாவது செய்தி. கல்யாணமான பிறகு வந்த இரண்டு குளிர்காலங்களில், சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. நிரலைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மாவே கொடுத்தான். அல்மாட்டியிலும் கஸானிலும், முகம் தெரியாத எங்கோ பிரேசிலிலும்கூட நானூறு ஐந்நூறு பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மினிவேனுக்காகக் காத்து நின்ற இடத்தில் திலேக் சரிந்து விழுந்தான். பக்கவாதம். நாற்பத்திரண்டு வயது. வலது கை போனது, சொற்களில் பாதி போனது. தேநீர் கேட்க நினைத்து, "ஜன்னல் குடு" என்பான். பிறகு தானே வெட்கப்பட்டுச் சிரிப்பான். ஆனால் மீரிம் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போதே "கபார்?" என்று கேட்டுவிடுவான். அன்றைக்கு எத்தனை பேர் கபாரைப் பதிவிறக்கிக்கொண்டார்கள் என்று அவள் சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் இடது கையால் எழுதிப் பழகும் நோட்டை எடுப்பான். குணமானதும் புதுப் பதிப்பு போட வேண்டும் என்பது அவன் கணக்கு.

பிப்ரவரியில் அலுவலகத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்த வெளிநாட்டுச் சோதனைக் கருவி, இனிமேல் எல்லாவற்றையும் எங்கள் சர்வரில்தான் சேமிக்க வேண்டும் என்று அடம் பிடித்தது. மேலாளர் உர்மத் அவளைக் கூப்பிட்டான். அவளைவிட ஏழு வயது சின்னவன்.

"எஜே, நோயாளிங்க விவரம் எல்லை தாண்டிப் போச்சுன்னா என் தலைதான் உருளும். ஓப்பன் சோர்ஸ்ல நல்லதா ஒண்ணப் பாத்துச் சொல்லுங்க. நீங்க எதச் சொன்னாலும் அதுதான்." கொஞ்சம் தயங்கி, "திலேக் பைக்கே பண்ணதும் இருக்கே... பசங்களுக்கும் அதுல ஆசதான்" என்றான். பைக்கே என்றால் அண்ணன்.

அவள் மூன்றை எடுத்துக்கொண்டாள். முதலாவதில் இல்லாதது இல்லை. ஆனால் திறக்கவே வெகுநேரம் பிடித்தது, அதன் பின்னால் இருந்த நிறுவனம் நாளைக்கே தங்கள் சர்வரில் கணக்குத் தொடங்கச் சொல்லாது என்பதற்கும் உறுதியில்லை. இரண்டாவதை ஐந்து பேர் சேர்ந்து பராமரித்தார்கள். இணையம் இல்லாமலும் ஓடியது. எல்லாவற்றையும் நம் கணினியிலேயே சாதாரணக் கோப்புகளாக வைத்தது. மூன்றாவது கபார். மூன்றிலும் வேகமாகத் திறந்தது அதுதான்.

வியாழக்கிழமை அவளே கபாரில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். ஒரு சர்வர் கேள்வியை வேறொரு முகவரிக்குத் திருப்பி விட்டால், கபார் உள்ளே நுழைவதற்கான சாவியையும் கூடவே அந்த அந்நிய முகவரிக்கு அனுப்பியது. திரும்பச் செய்து பார்த்தாள். கை தவறியிருக்கும் என்று இன்னொரு முறையும் செய்து பார்த்தாள். மூன்று தடவையும் சாவி போனது.

கஸான்காரர் ஒருவர் அதற்குத் திருத்தம் எழுதி அனுப்பி எட்டு மாதமாகியிருந்தது. அதை யாரும் சேர்க்கவில்லை. கபார் என்ற பெயரில் புதுப் பதிப்பு வெளியிட ஒரு கடவுச்சொல் வேண்டும். அது திலேக்குக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று வீட்டுக்குப் போனதும் மடிக்கணினியை அவன் முன்னால் வைத்தாள். "புதுப் பதிப்பு போடற கடவுச்சொல் ஞாபகம் இருக்கா? அவசரமில்ல. மெதுவா யோசி."

"தெரியும்," என்றான். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். தவறு என்றது. மறுபடி அடித்தான். பதினோராவது தடவைக்குப் பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"விரலுக்குத் தெரியும். அந்த... கைக்கு," என்று செத்துப்போன வலது கையைக் கண்ணால் காட்டினான். அவள் அந்தக் கையை எடுத்து விசைப்பலகையின் மேல் வைத்தாள். அது அப்படியே கிடந்தது. அவன் அழுததை, விழுந்த நாளுக்குப் பிறகு, அவள் அன்றுதான் பார்த்தாள்.

அறிக்கை மூன்று பக்கம் வந்தது. இரண்டாவது கருவியைப் பரிந்துரைத்தாள். கபாரைப் பற்றி, "வேகமானது. பாதுகாப்புக் குறை உள்ளது. பராமரிப்பவர் இல்லை. பயன்படுத்தக் கூடாது" என்று எழுதினாள். 'பராமரிப்பவர் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தி, எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். உர்மத் படித்தான். கையெழுத்துப் போட்டான்.

அவள் திலேக்கிடம் மறைக்கவில்லை.

"ஆபீஸ்ல வேறத எடுத்துட்டோம். நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"எதுக்கு?"

அவள் ஓட்டையைக் காட்டினாள். அவன் திரையை வெகுநேரம் பார்த்தான். எவ்வளவு புரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீ... சரி," என்றான். பிறகு, "மத்தவங்களுக்கும் சொல்லு. அவங்களும்... போகட்டும்."

கபாரின் இணையப் பக்கம் வீட்டு மடிக்கணினியில் ஏற்கெனவே திறந்திருந்ததால், அதில் அறிவிப்பு எழுதக் கடவுச்சொல் தேவைப்படவில்லை. அவன் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். நான்கு வரி, ஒரு மணி நேரம். கபார் இனி இல்லை, வேறு கருவிக்கு மாறிக்கொள்ளுங்கள், இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி. "நன்றி" என்ற சொல் அவனுக்கு வரவில்லை. "அதுதான், அது, போடு" என்றான்; அவள் போட்டாள். மூன்று பேர் பதில் எழுதினார்கள். இருவர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர், இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று திட்டியிருந்தார். அதை அவள் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு திலேக் எழுதிப் பழகும் நோட்டைத் தொடவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நாளைக்கு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். மீரிம் கோபப்பட்டாள், கெஞ்சினாள். ஒருநாள், "எனக்காகவாவது ரெண்டு வரி எழுதேன்டா" என்று கத்தியும் விட்டாள். ஏப்ரலுக்குள், மிச்சமிருந்த சொற்களும் குறைந்துபோயின.

கோடையில் அவன் அண்ணன் வந்து, ஏரிக்காற்று பட்டால் நல்லது என்று இசிக்குல் ஏரிக்கரையிலிருக்கும் தம்கா கிராமத்துக்கு அழைத்துப் போனார். அலுவலகத்தில் புதிய கருவி நன்றாக ஓடுகிறது. அந்த அறிக்கையில் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. மீரிம் சனிக்கிழமைதோறும் ஐந்து மணி நேரம் வேனில் போய்வருகிறாள். போன வாரம் அங்கே முற்றத்து ஆப்ரிக்காட் மரத்தடியில் உட்காரவைத்து அவனுக்குச் சவரம் செய்துவிட்டாள். சோப்பைத் துடைக்கும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டான். வேன் கிளம்பும் நேரமாகியும் அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.