இடப்பக்கத்து எழுத்து

என் இடது கண் ஒரு சனிக்கிழமை முழுக்கக் குருடாக இருந்தது. அப்படித்தான் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டை முன்னால் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்ற வேண்டும். பார்வை தாரிலேயே இருக்க வேண்டும். விலகினால் நூல் அறும், தலையில் குட்டு விழும். நானோ மூன்றாவது படிக்கிறவள், கடலை மடித்த காகிதத்தைக்கூட விடாமல் வாசிக்கிற பேய். சித்தப்பா வாங்கிவரும் வாரப்பத்திரிகையில் கொட்டை எழுத்துச் சினிமா விளம்பரத்தைத் தாருக்கு வலப்பக்கம் சாய்த்துவைத்து, கண்ணைத் திருப்பாமலே ஓரப்பார்வையில் படித்துவிடுவேன்.

அன்றைக்கு அம்மா வந்து வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகையை இடப்பக்கம் தள்ளினேன். என்ன முக்கியும் ஒரு சொல் பிடிபடவில்லை, எல்லாம் கறுப்புக் கறுப்பாய்க் கிடந்தது. இடது கண் அவிந்துபோச்சு என்று நானே ஓவென்று அழுதுவிட்டேன்.

“படிச்சுப் படிச்சுத்தான் கண்ணு கெட்டுச்சு. பள்ளிக்கூடம் போனது போதும், வீட்டோட இரு,” என்றாள் அம்மா. கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் என்கிற கவலை அவளுக்கு. எனக்கு உயிரே போய்விட்டது.

சித்தப்பாதான் சோதித்துப் பார்க்கலாம் என்றார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு தாரைப் பார்க்கச் சொல்லி, பத்திரிகையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காட்டினார். கெட்டுப்போன இடது கண்ணுக்கும் வலப்பக்கத்து எழுத்துதான் சட்டென்று தெரிந்தது. மாற்றிப் பொத்தினாலும் அதே கதை. இதென்னடா கூத்து என்று அவரே ராட்டை முன்னால் குந்திப் பார்த்தார். அவருக்கும் அப்படித்தான். அத்தைக்கும் அப்படித்தான். குடும்பத்துக்கே இடப்பக்கம் விளங்காது போலிருக்கிறது என்று அத்தை சொல்ல, வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் அம்மாவை இழுத்து உட்காரவைத்தோம். சித்தப்பா பத்திரிகையை வலப்பக்கம் காட்டினார், இடப்பக்கம் காட்டினார்.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, தம்பி.”

சித்தப்பா சிரிப்பை நிறுத்திப் பத்திரிகையை மடித்தார். “புள்ள பள்ளிக்கூடம் போகட்டும், மதினி,” என்றார். அம்மா ராட்டையை விட்டு எழுந்தபடியே சரி என்றாள்.

பார்வைக்கு வலப்பக்கம் விழுகிற சொல் பெரும்பாலும் எல்லோருக்குமே சுளுவாகப் பிடிபடும் என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில், எங்கள் வீட்டிலேயே அம்மாவுக்குத்தான் நல்ல கண் என்று தெருவெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது என்பது எனக்குத் தெரியாது.