துபாய் டப்பாக்கள்

சஃப்ரீனிடம் போய் நீ மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டாள். பிள்ளைக்கு ஆகாது என்பாள். எந்தப் பிள்ளைக்கு? இன்னும் வராத பிள்ளைக்கு. கல்யாணமாகி ஒன்பது வருடமாக அந்தப் பிள்ளைக்காகவேதான் உண்டாள், உறங்கினாள், எழுந்தாள்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. கீழே கணவன் தப்ரேஸின் தோல் பை பட்டறை, மேலே ஒற்றை அறை. பைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டில் பிள்ளையை அடிக்கும் சத்தம் கேட்டால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். இருக்கிறவர்களுக்கு அருமை தெரிகிறதா பார் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். கூடவே அழுகையும் வரும்.

கடையநல்லூர்ச் சொந்தக்காரர்களில் வீட்டுக்கு ஒருவர் துபாயில். முன்பெல்லாம் லீவில் மும்பை வழியாக ஊருக்குப் போகையில் செண்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். இப்போது சத்து மாத்திரை டப்பா. பிள்ளையில்லாதவள் வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? தப்ரேஸின் அக்கா சைனப் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை கொண்டுவந்தாள். சின்னம்மா பெண்களுக்கான சத்து என்று ஒன்று தந்தாள். இன்னொருத்தி முடிக்கும் தோலுக்கும் என்று ஒன்று.

"தெனம் ஒண்ணு போடு பிள்ள. இது மருந்தில்ல, சத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள் சைனப்.

ஒருத்தி கொடுத்ததைச் சாப்பிட்டு மற்றவள் கொடுத்ததை ஒதுக்கினால் மனசு கோணாதா? அதனால் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. ஆசை மிஞ்சிய நாட்களில் இரண்டிரண்டு.

தலைவலி வந்தது. உதடு வெடித்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. எல்லாம் பட்டறைப் பசையின் நெடி என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் நாள் தள்ளிப்போனது. தப்ரேஸை இழுத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் டாக்டர் ஷ்ருதியிடம் ஓடினாள்.

"மருந்து ஏதாவது சாப்பிடறேளா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

டாக்டர் அவள் உதட்டைப் பார்த்தார். "சத்து மாத்திரை?"

"அது நெறைய சாப்பிடுதேன்" என்றாள் சஃப்ரீன் பெருமையாக.

தப்ரேஸ் வீட்டுக்குப் போய் டப்பாக்களை அள்ளி வந்தான். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். எல்லாவற்றிலும் வைட்டமின் ஏ இருந்தது.

"டப்பாதான் வேற வேற, உள்ள போறது ஒரே சாமான். மிஞ்சினது லேசுல வெளியே போகாது, ஈரல்ல தங்கிடும். கரு உண்டாகற சமயத்துல இது அதிகமா இருந்தா குழந்தையோட உருவத்தையே பாதிக்கலாம்."

"இப்ப உண்டாகியிருந்தா?"

"எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்ல. இன்னிக்கு டெஸ்ட்ல ஒண்ணும் தெரியல, அடுத்த வாரம் திரும்பப் பாக்கலாம். இதெல்லாத்தையும் இன்னியோட நிறுத்திடுங்கோ. நான் எழுதித் தர ஃபோலிக் மாத்திரை மட்டும் போதும். ரத்தத்துல அளவு இறங்கற வரைக்கும் குழந்தை வேண்டாம்."

குழந்தை வேண்டாம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "மதினிக்குத் தெரிய வேண்டாம் மச்சான். பாவம், ஆசையா கொண்டுவந்தாவ" என்றாள்.

மாதாமாதம் தீட்டு வரக்கூடாது என்று துஆ கேட்டவள் அவள். அந்த வாரம் தொழுதுவிட்டுக் கையேந்தினால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. தீட்டு வரட்டும் என்று கேட்டால், உள்ளே ஒரு உயிர் இருந்தால் அது நோகாதா? கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டே, இப்ப வராத கண்ணு, பொறவு வா என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தீட்டு வந்தது. தப்ரேஸிடம் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விட்டான். அவளும் சொன்னாள். சொன்ன வாய் மூடுவதற்குள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வருசமா கூப்பிட்டேன் மச்சான். ஒருவேள வந்திருந்தா? நானே போவச் சொல்லிட்டேனே."